ஜாதி நாயா, தெருக்குட்டியா? முதலில் தாய் நாயைப் பாருங்கள்

கேள்வி:
மதுரையில் வாடகை வீடு. கீழ்த்தளம், முன்னால் சின்ன வாசல் உண்டு. பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிறவர்கள், ரொம்ப நாளாக நாய் கேட்கிறார்கள். மைத்துனர் ‘லேப் (லாப்ரடார்) எடு, ஜாதி நாய் என்றால் குணம் இப்படித்தான் இருக்கும் என்று முன்னாலேயே தெரியும்’ என்கிறார். ஆபீஸ் நண்பர் ‘தெருக்குட்டி எடு, கலப்பு நாய்க்கு நோயே வராது, காசும் மிச்சம்’ என்கிறார். வளர்த்தவர்கள் சொல்லுங்கள், யார் சொல்வது சரி?

2 மார்ச் 2025

இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. ‘நோயே வராது’ என்கிற பேச்சை முதலில் விட்டுவிடுங்கள். அதை நம்பி ஊசி போடாமல் குட்டியைப் பறிகொடுத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்தால் இரண்டு நாள் வாந்தி, ரத்தமாகக் கழிச்சல், அதோடு முடிந்துவிடும், குட்டி எந்த ஜாதி என்று அது பார்ப்பதில்லை. தெருவில் திடமாகத் திரிகிற நாயைக் காட்டி ‘பார், இதற்கு என்ன ஊசி போட்டார்கள்’ என்று கேட்கிறார்கள். அந்த நாயோடு பிறந்த மற்ற குட்டிகள் எங்கே? மழையில் போனது, வண்டியில் அடிபட்டது, டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் காய்ச்சலில் போனது என்று எல்லாம் கழிந்து மிஞ்சிய ஒன்றைத்தான் நாம் பார்க்கிறோம்.

மைத்துனர் சொல்வதில் உருவம் வரைக்கும் உண்மை இருக்கிறது. லேப் எவ்வளவு உயரம் வரும், எவ்வளவு ரோமம் கொட்டும், எவ்வளவு தின்னும் என்று இன்றைக்கே சொல்லிவிடலாம். குணத்தை அப்படிச் சொல்ல முடியாது.

என் வீட்டில் முன்பு இருந்தது ராஜபாளையம், இப்போது இருப்பது தெருவில் பிறந்த பொட்டை. மாமா வீட்டில் கன்னி என்கிற நம்மூர் வேட்டை நாய் வளர்த்தார்கள். எல்லாவற்றையும் பார்த்தபிறகு எனக்கு நிற்கிற கருத்து ஒன்றுதான்: எந்தக் குட்டி எடுத்தாலும் தாய் நாயைப் பார்த்துவிட்டு எடுங்கள். தாயைக் காட்ட மாட்டேன் என்கிற இடத்தில் எவ்வளவு அழகான குட்டி இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

3 மார்ச்

குணம் பற்றி ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டார்கள், அதில் 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடத்தையில் இருக்கிற வித்தியாசத்தில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தை வைத்து விளக்க முடிந்தது. மனிதர்களோடு ஒட்டுவது, சொன்ன பேச்சைக் கேட்பது, எறிந்ததை எடுத்துவருவது போன்றவற்றில் இனத்தின் பங்கு கொஞ்சம் கூடுதல். எதற்கு எவ்வளவு சீக்கிரம் மிரளும், கோபப்படும் என்பதில் இனத்தைப் பார்த்து ஏறக்குறைய ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு முக்கியமே அந்த மிரட்சியும் கோபமும்தான். அங்கேதான் ‘லேப் என்றால் சாது’ என்கிற கணக்கு உதவாமல் போகிறது.

3 மார்ச், இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் இனம் என்பதே பொய்யா’ என்று ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். இல்லை ஐயா. மாமா வீட்டுக் கன்னி முன்னால் ஒரு கோழி ஓடிப் பார்க்க வேண்டும். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. கழுத்து நீளும், உடம்பு தாழும், அடுத்த நொடி நாய் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும். தலைமுறை தலைமுறையாக முயல் பிடிக்கிற நாய்க்கே குட்டி எடுத்து வளர்த்த இனம் அது. ஓடுகிறதைத் துரத்துவது ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் அதே நாய் மாமாவின் பேரன் வாயில் கையை விட்டாலும் அசையாது, அதன் கூடப்பிறந்த கடுவன் அடுத்த தெருவில் ஒரு குழந்தையையும் பக்கத்தில் விடாது. ஒரே ஈத்து, ஒரே தாய் தகப்பன். துரத்துவதில் இரண்டும் ஒன்று, சுபாவத்தில் வேறு வேறு.

6 மார்ச்

‘கலப்பு நாய் கூடுதல் வருஷம் உயிரோடு இருக்கும்’ என்று எழுதியவருக்கு.

எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் 2024-ல் பிரிட்டனில் சுமார் 5,84,000 நாய்களின் பதிவுகளை வைத்து ஒரு கணக்கு வந்தது. தனி இன நாய்களின் இடைநிலை ஆயுள் (பாதி நாய்கள் தாண்டுகிற வயது) 12.7 வருஷம், கலப்புக்கு 12.0. பெரிய வித்தியாசம் இல்லை, இருக்கிற வித்தியாசமும் நாம் நினைத்த பக்கம் இல்லை. அதே கணக்கில் குட்டை டாக்ஸ்ஹண்ட் 13.3 வருஷம், பிரெஞ்சு புல்டாக் 9.8 வருஷம். ‘ஜாதி நாய்’ என்று ஒரே மூட்டையில் கட்டுகிறோமே, அதற்குள்ளேயே மூன்றரை வருஷ இடைவெளி இருக்கிறது. எந்த இனம், எவ்வளவு பெரிய உடம்பு, முகம் எவ்வளவு தட்டை என்பதுதான் ஆயுளை இழுக்கிறது.

அதற்காக நம்மூர்த் தெரு நாயை அந்தக் கலப்புக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் கலப்பு என்றால் இரண்டு மூன்று இனங்கள் சேர்ந்த நாய். நம்மூர் நாட்டு நாய் எந்த இனமும் சேர்ந்து வந்தது இல்லை. முதல் நாய்க்கண்காட்சி 1859-ல் நியூகாசிலில் நடந்தது, நாய் இனங்களைப் பதிவு செய்கிற சங்கமான பிரிட்டிஷ் கென்னல் கிளப் 1873-ல் வந்தது, இன்று நாம் பெயர் சொல்லுகிற இனங்களில் பெரும்பாலானவை அதை ஒட்டி வரையறுக்கப்பட்டவை. அதற்கு ரொம்ப முன்னாலிருந்தே இந்த ஊர் வெயிலில், இந்த ஊர் உண்ணியோடு, தானே ஜோடி தேடித் தானே பெருகி வந்தது நாட்டு நாய். நகரத்துக்குள் லேப், பொமரேனியன் ரத்தம் கலந்தவை நிறைய உண்டு, அது தனிக்கதை.

7 மார்ச்

நோய்க்கணக்கும் கேட்டார்கள். கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகம் 2013-ல் 27,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவைப் பார்த்தது. எடுத்துக்கொண்டது 24 பரம்பரை நோய். அதில் 10 நோய் ஜாதி நாய்களிடம் கூடுதல். ஒன்று, முழங்கால் ஜவ்வு கிழிவது, கலப்பு நாய்களிடம் கூடுதல். மீதி 13-ல் வித்தியாசம் இல்லை. இடுப்பு மூட்டு நோய் அந்த 13-ல் ஒன்று. ‘கிராஸ் எடுத்தால் இடுப்பு விழாது’ என்று சொல்லி விற்கிறவரிடம் இதைச் சொல்லுங்கள்.

11 மார்ச்

ராஜபாளையம் எடுக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், நானும் வளர்த்தவன் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

நல்ல நாய், அதில் சந்தேகமே இல்லை. 2005-ல் அஞ்சல் துறை நாய்களுக்காக வெளியிட்ட நான்கு தபால் தலைகளில் ஒன்று ராஜபாளையம். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நாட்டு இனங்களைப் பற்றிப் பேசினாரே, அதிலும் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை நான்கும் வந்தன. அதற்கப்புறம் தென்மாவட்டங்களில் குட்டி விலை ஏறியது, வாங்க வருகிற கூட்டம் கூடியது, ஜோடி சேர்க்கிறவர்களும் பெருகினார்கள்.

சிக்கல் வெள்ளை நிறத்தில் இருக்கிறது. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, இதுதான் அழகு என்று வைத்துவிட்டோம். வேறு நிறம் ஒட்டிய குட்டி பிறந்தால் ‘கலப்பு’ என்று ஒதுக்கிவிடுவார்கள், சில இடங்களில் உயிரோடே விட மாட்டார்கள். நிறம் தருகிற அணுக்கள் தோலில் மட்டும் இல்லை, உட்காதிலும் வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால் ஒலியைப் பிடிக்கிற அணுக்கள் பிறந்த சில வாரத்திலேயே பட்டுப்போகும். வெள்ளையிலும் வெள்ளையாகப் பொறுக்கிப் பொறுக்கி ஜோடி சேர்த்தால் செவிட்டுக் குட்டி வரத்தான் செய்யும். கண் நீலமாக இருந்தால் இன்னும் கவனம்.

எங்கள் நாய்க்கு இரண்டு காதும் கேட்கவில்லை. விற்றவர் ‘ராஜ நடை, கூப்பிட்டால் உடனே திரும்பாது, அது அதன் கம்பீரம்’ என்றார். எடுத்து வந்த கொஞ்ச நாளில் தீபாவளி வந்தது. வாசலில் சரவெடி வெடிக்கிறது, தெரு நாயெல்லாம் பீரோ அடி, கட்டில் அடி என்று பதுங்குகிறது, இவன் திண்ணையில் நான்கு காலையும் நீட்டிக்கொண்டு தூங்குகிறான். அம்மாதான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னார். அதன் பிறகு கை ஜாடையில் பழக்கினோம், கை நீட்டினால் வருவான், உள்ளங்கை காட்டினால் உட்காருவான், பின்னாலிருந்து யாரும் தொடக் கூடாது என்று வீட்டில் சட்டம். கடைசி வரைக்கும் நன்றாகவே இருந்தான். ஆனால் சின்னப் பிள்ளைகள் தூங்குகிற நாய் மேல் விழுகிற வீட்டில் அந்த நாய் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் ராஜபாளையம் பார்க்கப் போனால் குட்டிகள் எல்லாம் கூட்டமாக இருக்கும்போது கை தட்டிப் பார்க்காதீர்கள். செவிட்டுக் குட்டி மற்ற குட்டி திரும்புவதைப் பார்த்துத் தானும் திரும்பிவிடும். தனியாகத் தூங்கவிட்டு, காற்று மேலே படாமல், தரை அதிராமல், தலைக்குப் பின்னால் ஒரு முழத்தில் சாவிக்கொத்தை ஆட்டுங்கள். காது துடிக்கிறதா பாருங்கள். ஒரு காது மட்டும் செவிடு என்றால் இதில் தெரியாது, அதற்கு மூளை அலையைப் பார்க்கிற தனிச் சோதனை வேண்டும்.

12 மார்ச்

‘நம்ம ஊர் இனத்தையே குறை சொல்கிறீர்கள்’ என்று ஒரு வருத்தம். குறை சொல்லவில்லை. இந்த இனம் நிலைக்க வேண்டும் என்றால் நிறம் ஒட்டிய குட்டியையும் வைத்துக்கொள்ள வேண்டும், அதைக் கொண்டும் ஜோடி சேர்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ராஜபாளையத்தை நான் நேசிக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

15 மார்ச்

இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது, டால்மேஷியன்.

அந்த இனத்தில் யூரிக் அமிலத்தைச் சரியாகக் கழிக்க முடியாத குறை எல்லா நாய்க்கும் ஊறிப்போயிருந்தது. நீர்ப்பையில் கல் சேரும், கடுவன்களுக்கு நீர் அடைத்துக்கொள்ளும். இனத்துக்குள் எந்த ஜோடியைச் சேர்த்தாலும் தீராது, ஏனென்றால் நல்ல ஜீன் வைத்திருக்கிற டால்மேஷியனே இல்லை. 1973-ல் ராபர்ட் ஷைபிள் என்கிற அமெரிக்க மரபியலாளர் ஒரே ஒரு தடவை பாயிண்டர் நாயோடு சேர்த்தார். பிறகு தலைமுறை தலைமுறையாகத் திரும்பவும் டால்மேஷியனோடு சேர்த்து, நல்ல ஜீன் இருக்கிற குட்டியை மட்டும் எடுத்துக்கொண்டே போனார். சில தலைமுறையில் பார்வைக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆனாலும் ‘ரத்தம் கெட்டுப்போச்சு’ என்று சங்கத்தில் எதிர்ப்பு. பிரிட்டனில் 2010-ல் ஏற்றார்கள், அமெரிக்கன் கென்னல் கிளப் 2011-ல் ஏற்றது. முப்பத்தெட்டு வருஷம்! அதற்குள் எத்தனை நாய்கள் நீர் அடைத்துத் துடித்திருக்கும்.

எனக்கு ஜாதி நாய் மேல் கோபம் இல்லை, கதவைச் சாத்திவிட்டு உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஜோடி சேர்ப்பதன் மேல்தான் கோபம். நம்மூரில் தாத்தா நாயைப் பேத்தி நாயோடு சேர்த்துவிட்டு ‘லைன் பிரீடிங்’ என்று பெருமையாகச் சொல்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

19 மார்ச்

லேப்-ஹஸ்கி கிராஸ், பூடில் கிராஸ் எல்லாம் இணையத்தில் படம் போட்டு விற்கிறார்கள், எடுக்கலாமா என்று கேள்வி.

லேப்ரடூடில் என்ற பெயரைப் பரப்பியவர் வாலி கான்ரன், ஆஸ்திரேலியாவில் பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய் பழக்குகிற அமைப்பில் இருந்தவர். கண் தெரியாத ஒரு பெண்மணிக்கு வழிகாட்டி நாய் வேண்டும், அவர் கணவருக்கோ நாய் ரோமம் ஒத்துக்கொள்ளாது. அந்தத் தேவைக்காக 1989-ல் லேபையும் பூடிலையும் சேர்த்தார். பிறகு உலகம் முழுக்க அதைப் பார்த்துக் கண்டதையும் சேர்த்து விற்க ஆரம்பித்ததும் அவரே வெளிப்படையாக வருத்தப்பட்டார். 2024-ல் லண்டனில் ராயல் வெட்டரினரி கல்லூரி இப்படிப்பட்ட மூன்று கிராஸ் நாய்களை அவற்றின் மூல இனங்களோடு ஒப்பிட்டது. பெரும்பாலான நோய்களில் ஒரு வித்தியாசமும் இல்லை.

தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரே நோய் இருந்தால் கிராஸ் பண்ணினாலும் குட்டிக்கு வரும். லேபுக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்புத் தொல்லை உண்டு, இரண்டையும் சேர்த்துவிட்டு ஆரோக்கியமான கலப்பு என்றால் எப்படி?

ஹஸ்கி பற்றி: மதுரை மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். அடர்த்தியான இரட்டை ரோமம். நாள் முழுக்க ஏசி ஓட வேண்டும், கரண்ட் போனால் நாக்கைத் தள்ளிக்கொண்டு தரையில் கிடக்கும். வேண்டாம். தட்டை முகப் பக் நாய் வேண்டாம் என்பதற்கும் இதே வெயில் ஒரு காரணம், சுருங்கிய மூக்கால் மூச்சே சரியாக விட முடியாத நாய் உடம்புச் சூட்டை எப்படித் தணிக்கும்? நாய் தணிவதே இரைத்துத்தான்.

19 மார்ச், கொஞ்சம் கழித்து

லேப் பற்றி மட்டும் ஒன்று விட்டுப்போயிற்று. ‘எவ்வளவு போட்டாலும் பசிக்கிறது, பூச்சி இருக்குமோ’ என்று கேட்கிறவர்கள் நிறைய. 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆட்கள் கண்டுபிடித்தார்கள், லேப்களில் கிட்டத்தட்ட நாலில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லுகிற ஜீனில் ஒரு துண்டு கிடையாது. அது நடிக்கவில்லை, அதற்கு உண்மையிலேயே பசிக்கிறது. பக்கத்து வீட்டு லேப் தோசைக்கல் சத்தம் கேட்டால் எங்கள் வாசலுக்கு வந்துவிடும், அக்காவும் பாவம் பார்த்துப் போடுவார், இப்போது மூன்று படி ஏற ஆள் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. லேப் எடுத்தால் வீட்டில் இருக்கிற பாட்டி உட்பட எல்லாரிடமும் முதலில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

24 மார்ச்

‘கே.சி.ஐ. (இந்திய கென்னல் கிளப்) பேப்பர் இருக்கிறது, அப்புறம் என்ன பயம்’ என்பவருக்கு: பேப்பர் சொல்வது இன்ன நாய்க்கு இன்ன நாய் பிறந்தது என்பதை. இடுப்பு நன்றாக இருக்கிறது, காது கேட்கிறது என்று அது சொல்வதில்லை. சொல்லப்போனால் பேப்பரை நோய் ஆபத்தைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தலாம், தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா பாருங்கள். மைக்ரோசிப் எண்ணும் பேப்பரில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஸ்கேனர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய மத்திய அரசின் 2017 விதிகளே சொல்கின்றன. முப்பது நாள் குட்டியைக் கூடையில் வைத்து விற்கிறவரிடம் வாங்காதீர்கள். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினாலு வாரம் வரைக்கும்தான் குட்டி உலகத்தைப் பழகுகிற காலம். கடித்தால் வலிக்கும் என்பதைத் தாயிடமும் கூடப்பிறந்ததிடமும்தான் அது கற்றுக்கொள்ளும். அதில்லாமல் வந்த குட்டி பிள்ளைகளின் கையைக் கடித்துக்கொண்டே இருக்கும், பிறகு ‘இந்த இனமே மோசம்’ என்று பெயர் வரும்.

5 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். வீட்டுச் சொந்தக்காரர் பெரிய நாய் வேண்டாம் என்கிறாராம். கேள்வி கேட்டவரின் தெருமுனை டீக்கடைக்குப் பின்னால் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறதாம், நான்கு குட்டி, கண் திறந்து நடமாடுகின்றன.

எனக்குச் சந்தோஷம். போய்க் கொஞ்ச நேரம் தாயைப் பாருங்கள். கடைக்கு வருகிறவர்களிடம் வாலை ஆட்டுகிறதா, பதுங்குகிறதா, பல்லைக் காட்டுகிறதா? குட்டி போட்ட புதிதில் எந்தத் தாயும் உறுமும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள், டீக்கடைக்காரரைக் கேளுங்கள், அவருக்கு அதன் பழைய சுபாவம் தெரியும். பிறகு குட்டிகள். ஓடி வந்து மேலே ஏறுகிறதும் வேண்டாம், மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்குகிறதும் வேண்டாம். கொஞ்சம் தயங்கிவிட்டு வந்து மோந்து பார்க்கிற குட்டி பிள்ளைகள் வீட்டுக்குப் பொருந்தும். மல்லாத்திப் பிடித்தால் கொஞ்சம் உதறிவிட்டு அடங்க வேண்டும். எடுப்பது எட்டு வாரம் ஆனபிறகு. அதுவரைக்கும் பிள்ளைகளைத் தினமும் கூட்டிப்போய்க் காட்டுங்கள், தாய்க்கும் கொஞ்சம் சோறு வையுங்கள், அது உங்களைத் தெரிந்துகொள்ளும்.

6 ஏப்ரல்

ஊசி பற்றிக் கேட்டதற்கு: ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் பார்வோ, டிஸ்டெம்பர் சேர்ந்த முதல் ஊசி, பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போட வேண்டும். ரேபிஸ் மூன்று மாதத்தில், பிறகு மருத்துவர் சொல்கிறபடி வருஷா வருஷம். பூச்சி மருந்தும் கொடுங்கள். உண்ணி காது மடிப்பிலும் விரல் இடுக்கிலும் இருக்கும், தினமும் விரலால் தடவிப் பாருங்கள், பிடுங்கினால் நசுக்காமல் டெட்டால் தண்ணீரில் போடுங்கள். தெருக்குட்டிக்கு உண்ணிக் காய்ச்சல் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தாயை அப்படியே விட்டுவிட வேண்டாம். பால் வற்றியதும் மாநகராட்சியின் கருத்தடைத் திட்டத்துக்குச் சொல்லுங்கள், ஆபரேஷன் செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, காதில் வெட்டு அடையாளம் வைத்து, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும் என்பது 2023 விதி. ஆபரேஷன் இல்லாவிட்டால் ஆறு ஏழு மாதத்தில் அதே டீக்கடைக்குப் பின்னால் அடுத்த ஈத்து கிடக்கும். மீதி மூன்று குட்டிக்கும் வீடு தேட வேண்டும். மதுரைப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் இங்கேயே எழுதுங்கள், முதலில் வந்து தாயைப் பார்த்துவிட்டுப் போங்கள்.